தாலாட்டை ‘உறக்கப் பாடல்’ ஆக்கியது யார்?

மொரீஷியஸில் மே மாதக் கடைசி ஞாயிறு அன்னையர் நாள். அதையொட்டி அச்சாகும் தமிழ் நிகழ்ச்சி நிரல்களில், தாலாட்டைக் குறிக்கும் ‘பெர்சேஸ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நேரே ‘உறக்கப் பாடல்’ என்று இருக்கிறது. சில நிரல்களில் ‘துயில் கீதம்’. தாலாட்டு என்ற சொல் கையிலேயே இருக்கும்போது இந்தப் புதுச்சரக்கு எதற்கு?

தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி ஒலி எழுப்புவது தாலாட்டு. ‘தாய் ஆட்டுவதால் தாலாட்டு’ என்று மேடையில் சொல்பவர்கள் புணர்ச்சி விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்: தாய்+ஆட்டு தாயாட்டு ஆகுமே தவிர தாலாட்டு ஆகாது. பிள்ளைத்தமிழில் மூன்றாவது பருவத்துக்குத் தாலப் பருவம் என்று பெயர். ஓராட்டு, ரோராட்டு என்று வட்டார வழக்குகளும் உண்டு. மலையாளத்தில் தாராட்டு.

உறக்கப் பாடலுக்கு வருவோம். பெர்சேஸ் என்ற சொல்லிலேயே உறக்கம் இல்லை. ‘பெர்சே’ என்றால் ஆட்டுவது, ‘பெர்சோ’ என்றால் தொட்டில். பிரெஞ்சுக்காரர் தொட்டிலை ஆட்டுகிறார், தமிழர் நாக்கை ஆட்டுகிறார்; ஆட்டம் இரண்டிலும் உண்டு. மொழிபெயர்த்தவர் எங்கிருந்து உறக்கத்தைக் கொண்டுவந்தார்? மொரீஷியஸின் பேச்சுமொழியான கிரியோலில் குழந்தையைத் தூங்கப்பண்ணச் சொல்லும் ‘தோதோ’ காதில் ஒலித்திருக்கும். (இந்தத் தீவில் அழிந்துபோன பறவைக்கும் அதே பெயர் என்பது தனி வேடிக்கை.)

பொருளிலும் இந்த ஆக்கம் தவறுகிறது. பெரியாழ்வாரின் ‘மாணிக்கம் கட்டி’ பதிகத்தைப் பாருங்கள். பிரமன் பொன் தொட்டில் அனுப்புகிறான், சிவன் அரைக்கு அணி அனுப்புகிறான். இப்படிச் சீர்வரிசையாகப் பாட்டு நீள்கிறது. குழந்தையிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ‘தூங்கு’ என்றல்ல, ‘அழேல் அழேல் தாலேலோ’ என்று. அதாவது அழாதே. பத்தாம் பாட்டில் ‘ஆய்ச்சி தாலாட்டிய’ என்று சொல்லே வந்துவிடுகிறது. நாட்டுப்புறத் தாலாட்டும் இதே போக்குதான்: யார் அடித்தார் என்று விசாரணை, மாமன் கொண்டுவரும் சீர், பிறந்த வீட்டுப் பெருமை, நடுவே புகுந்த வீட்டைப் பற்றி ஒரு குத்தல். குழந்தை தூங்கிய பிறகும் தாய் பாடிக்கொண்டிருப்பாள், ஏனென்றால் சொல்ல வேண்டியது இன்னும் முடியவில்லை. உறக்கப் பாடல் என்று பெயர் வைத்தால் இதெல்லாம் எங்கே போகும்?

‘தூக்கப் பாட்டு’ என்று எளிமைப்படுத்துவோர் பாவம், தெரியாமலே பாதி சரியாகச் சொல்கிறார்கள். ‘தூங்கு’ என்பதன் பழைய பொருள் தொங்கி ஆடுதல். புறநானூறு 22 யானையின் ஆடும் துதிக்கையைத் ‘தூங்கு கையான்’ என்கிறது. தூங்கணாங்குருவியின் பெயரும் தொங்கும் கூட்டால் வந்தது. ஆனால் இன்று அந்தப் பொருளில் யாரும் கேட்கப்போவதில்லை.

இன்னொரு குழப்பம், தாலாட்டையும் தாய்ப்பாசப் பாடலையும் ‘தாய்மைப் பாடல்கள்’ என்று ஒரே கட்டாகக் கட்டுவது. தாலாட்டு பிள்ளையைப் பார்த்துப் பாடுவது. தாயைப் பார்த்துப் பிள்ளை பாடுவது தாய்ப்பாசப் பாடல். கேட்கும் ஆள் மாறினால் வகையும் மாறுகிறது. தாலாட்டு தாய்க்கு மட்டும் உரியதும் அல்ல. பெரியாழ்வார் ஆண், யசோதையாகத் தன்னை வைத்துப் பாடியவர். தகப்பன் பாடினாலும் அது தாலாட்டுத்தான்.

பிள்ளைகளுக்குக் கற்றுத்தருபவர்கள் பெயரோடு நாக்கையும் கவனிக்க வேண்டும். பிரெஞ்சும் கிரியோலும் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு ரகரம் தொண்டைப் பக்கமிருந்து வரும். ‘ஆராரோ ஆரிரரோ’ என்று பாடும்போது நுனிநாக்கு அசையாமல் கிடக்கும், ‘ஆஹாஹோ’ என்பது போல ஒலிக்கும். தால் ஆடாமல் தாலாட்டு ஏது? லகரத்தில் இந்தத் தொல்லை இல்லை, அது அவர்கள் வாயில் ஏற்கெனவே நுனிநாக்கு ஒலிதான். ஆகவே முதலில் ‘தாலேலோ’. நாக்கு மேலண்ணத்தில் பட்டுப் பழகியதும், அதே இடத்துக்குச் சற்றுப் பின்னால் ஒருமுறை மட்டும் தட்டச் சொல்லி ‘ஆராரோ’வுக்கு வரலாம். உருட்டச் சொன்னால் ‘ர்ர்ர்’ என்று முழங்கி, தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையும் எழுந்துவிடும்.