நொய்யலைப் பற்றிய ஆய்வை நொய்யல்கரைக்காரர் படிக்க வேண்டாமா?

நொய்யல் தண்ணீரைப் பற்றி எத்தனை பேர் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்திருக்கிறார்கள் என்று நம் பக்கத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சாயக்கழிவு பற்றிச் சொல்வார்கள், ஒரத்துப்பாளையம் அணை பற்றிச் சொல்வார்கள், 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அந்த ஆற்றையும் கரையோரக் கிணறுகளையும் மண்ணையும் சோதித்து எழுதிய ஆய்வேடுகள் இருக்கின்றன, அவற்றை வீட்டில் உட்கார்ந்தே பைசா செலவில்லாமல் படிக்கலாம் என்பது தெரிந்திருக்காது. அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

கொங்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறவள் நான். பல்கலைக்கழக நூலகம் என்றால் கேட்டில் ஐடி கார்டு காட்டிவிட்டுப் போகும் பிள்ளைகளுக்கும் பேராசிரியர்களுக்கும் மட்டுமான இடம் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவதைப் பொறுத்தவரை அது உண்மை. படிப்பதைப் பொறுத்தவரை உண்மை இல்லை. எங்கள் வேலையில் பெரிய பங்கு இப்போது கட்டடத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் போய்ச் சேருகிற வேலை.

ஓப்பன் ஆக்சஸ், அதாவது திறந்த அணுகல் என்று இதைச் சொல்கிறோம். விஷயம் எளிது. அரசுச் சம்பளம் வாங்கும் பேராசிரியர், அரசு உதவித்தொகை பெறும் மாணவர், அரசுப் பணத்தில் வாங்கிய கருவி, இவை எல்லாம் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை பிறக்கிறது. அதை ஆய்விதழ் நிறுவனத்துக்குக் காசு வாங்காமல் எழுதிக் கொடுக்கிறார்கள். சரிபார்த்துக் கொடுக்கும் சக ஆய்வாளர்களுக்கும் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. அச்சானதும் அதே கட்டுரையைப் படிக்க அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் சந்தா கட்ட வேண்டும். வரி கட்டிய பொதுமக்களுக்கோ கதவே திறக்காது. இந்த முறை மாற வேண்டும் என்று 2001 டிசம்பரில் புடாபெஸ்டில் கூடியவர்கள் 2002-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆய்வுக் கட்டுரை இணையத்தில் யாருக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும், படிக்கவும் நகலெடுக்கவும் பகிரவும் தடை இருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

நம் நாட்டில் இதில் உருப்படியாக நடந்த காரியம் என்று நான் முதலில் சொல்வது ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தை. முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கணினிக் கோப்பாகவும் தர வேண்டும் என்று 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி விதி கொண்டு வந்தது. குஜராத் காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் அவற்றைச் சேர்த்து வைக்கிறது. இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அதில் இருக்கின்றன. பாரதியார் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், அவினாசிலிங்கம் என்று நம் பகுதியில் செய்த ஆய்வுகள் ஏராளம். மஞ்சள் விலை, விசைத்தறித் தொழிலாளர் உடல்நலம், கோழிப்பண்ணை, கொங்கு நாட்டார் வழக்காறு என எதைத் தேடினாலும் ஏதாவது அகப்படும். தமிழ்த் துறை ஆய்வேடுகள் தமிழிலேயே இருக்கின்றன.

ஒரு சின்ன வழி சொல்கிறேன், இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். ஷோத்கங்காவில் ஓர் ஆய்வேட்டைத் திறந்தால் ஒரே கோப்பாக இருக்காது. தலைப்புப் பக்கம், சான்றிதழ், பொருளடக்கம், ஒவ்வொரு இயல் என்று தனித்தனி பிடிஎஃப்பாக, முன்னால் எண் போட்டு அடுக்கியிருக்கும். பெரும்பாலானவற்றில் 80 என்ற எண்ணோடு 'ரெகமெண்டேஷன்' என்று ஒரு கோப்பு இருக்கும். அதை முதலில் திறங்கள். என்ன ஆராய்ந்தார்கள், என்ன கண்டார்கள், என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது சில பக்கங்களில் வந்துவிடும். முந்நூறு பக்கத்தையும் படிக்க வேண்டியதில்லை. இந்தக் கோப்புகளைப் பிரித்து, சரிபார்த்து, விவரம் நிரப்பி ஏற்றுவது எங்களைப் போன்ற நூலகங்களின் வேலை. துறை, வழிகாட்டி, திறவுச்சொல் ஒவ்வொன்றும் சரியாக விழுந்தால்தான் தேடுகிறவருக்குக் கிடைக்கும். எங்கள் பிரிவில் இதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்து செய்கிறார்கள்.

பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்து ஒரு பெரியவர் வந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். கேட்டில் தயங்கி நின்றவரை செக்யூரிட்டி தம்பி என்னிடம் அழைத்து வந்தார்.

"ஏனுங் அம்மிணி, உள்ள வரலாமுங்களா? நான் காலேஜ் ஆளில்லீங்க."

"வாங்கய்யா, உட்காருங்க."

போனில் தென்னை ஓலைப் படம் காட்டினார். ஓலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக வட்டம் வட்டமாய், மேலே கரி பூசினாற்போலக் கறுப்பு. கடையில் கொடுத்த மருந்தை அடித்து அடித்துப் பார்த்தாகிவிட்டது, போக மாட்டேன் என்கிறது, தோப்பே கறுத்துப்போச்சு என்றார். இது சுருள் வெள்ளை ஈ. வெளிநாட்டில் இருந்து வந்த பூச்சி. இந்தியாவில் இதை முதன்முதலில் கண்டதே 2016-ல், பொள்ளாச்சி வட்டாரத் தென்னையில்தான். அதனால் இதைப் பற்றிய இந்திய ஆய்வுகளில் நம் ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வரும். அவர் தோப்புக்குப் பக்கத்தில் எடுத்த கணக்குகள் ஆய்விதழ்களில் கிடக்கின்றன, அவருக்குத் தெரியாமல்.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-லேயே திறந்த அணுகல் கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதன் ஆய்விதழ்களை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு கிரிஷிகோஷ் என்ற தனிக் களஞ்சியம் இருக்கிறது. தேடியதில் ஒரு விஷயம் தெளிவாக வந்தது. என்கார்சியா என்று ஒரு குட்டிக் குளவி இந்த ஈயின் உடம்பில் முட்டையிட்டு அதை ஒழிக்கிறது. ரசாயன மருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். அப்புறம் ஈ இன்னும் பெருகுகிறது. அவர் பணம் கொடுத்து வாங்கி அடித்ததுதான் அவருக்கு உதவ வந்த பூச்சியைக் கொன்றுகொண்டிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார்.

பிறகு கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் போர்ட்டலைத் தமிழில் திறந்தோம். மஞ்சள் ஒட்டும் பொறியில் விளக்கெண்ணெய் தடவித் தோப்பில் வைப்பது, ஓலையின் அடிப்பக்கம் படுமாறு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது, கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் காய்ச்சிப் பசையாக்கித் தெளிப்பது. பசை காய்ந்து உதிரும்போது கறுப்பும் சேர்ந்து உதிர்ந்துவிடும்.

"மைதாவுங்களா? பரோட்டாவுக்குப் போடற மைதாவா?"

"அதேதானுங்க."

பிரிண்ட் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் தன் ஊரில் இருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார், ஒருவருக்குத் தென்னையில் வாடல் நோய், இன்னொருவருக்குப் பேத்தியின் மேற்படிப்பு பற்றிக் கேட்க வேண்டும். நூலகம் மருத்துவமும் பார்க்காது, மருந்துச் சீட்டும் எழுதாது. தோப்பைப் பார்த்துச் சொல்ல வேளாண் அலுவலர் இருக்கிறார், அவரிடமும் போகச் சொன்னேன். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போவதற்கும் வெறுங்கையோடு போவதற்கும் நிறைய வித்தியாசம்.

இந்த இடத்தில், அரசே ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "அதுதான் வந்துவிட்டதே, இனி எல்லாம் இலவசம்தானே?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி, 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நல்ல திட்டம், சின்ன அரசுக் கல்லூரிப் பிள்ளைக்கும் பெரிய ஆய்விதழ் கிடைக்கிறது. ஆனால் இது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் அரசு ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான். நம் பகுதியில் சாலையில் பத்து நிமிடம் போனால் ஒரு கல்லூரி பெயர்ப்பலகை வரும். அவற்றில் பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். அங்கே படிக்கும் பிள்ளைகள் இந்தச் சந்தாவுக்கு வெளியே நிற்கிறார்கள். படிப்பை முடித்துவிட்டு மில்லிலோ ஸ்கூலிலோ வேலை பார்ப்பவர் வெளியே, விவசாயி வெளியே. சந்தா எவ்வளவு பெரிதானாலும் அது பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான். திறந்த அணுகலுக்குப் பட்டியலே கிடையாது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

பூட்டிய கட்டுரை ஒன்று கண்ணில் பட்டால் உடனே விட்டுவிடாதீர்கள். கூகுள் ஸ்காலரில் அதன் தலைப்பைப் போட்டு, கீழே மற்ற பதிப்புகளைக் காட்டும் இணைப்பை அழுத்துங்கள். ஆசிரியர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஒரு பிரதி வைத்திருக்கலாம், பல பதிப்பகங்கள் அதைச் சட்டப்படியே அனுமதிக்கின்றன. அன்பேவால் என்ற இலவச எக்ஸ்டென்ஷனை பிரவுசரில் போட்டுக்கொண்டால் சட்டப்படி கிடைக்கும் பிரதி இருக்கிறதா என்று அதுவே காட்டும். ஒன்றும் இல்லையென்றால் கட்டுரை எழுதியவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். கேட்டால் அனுப்புகிற ஆய்வாளர்கள் நிறையப் பேர். அதுவும் இல்லையா, நேரில் வாருங்கள். சந்தா ஒப்பந்தங்கள் பலவற்றில் நூலகத்துக்கு நேரில் வந்து படிப்பவரை அனுமதிக்கும் பிரிவு இருக்கும். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், கேட்டால் நூலகர் பார்த்துச் சொல்வார்.

படிப்பு வயதோடு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களில் நெசவுத் தொழில்நுட்பத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. நூற்பு, சாயமேற்றல், துணித் தரம் என ஐஐடி டெல்லிப் பேராசிரியர்கள் நடத்துகிறார்கள். சேர்வதும் பார்ப்பதும் இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக்கு மட்டும் கட்டணம். பல பாடங்களின் எழுத்துவடிவம் தமிழிலும் கிடைக்கிறது. பல்லடம், சோமனூர் பக்கம் ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கு நாங்கள் செய்வது சின்ன உதவிதான். கணக்குத் தொடங்கித் தருவது, எந்தப் பாடத்தில் ஆரம்பிக்கலாம் என்று சொல்வது, ஹெட்போன் கொடுத்து ஒரு சிஸ்டத்தில் உட்கார வைப்பது. அந்த முதல் அரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும், அப்புறம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

பார்வையற்றவர்களுக்கு இது உரிமை. அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்காக அதை ஒலியாகவோ பிரெயிலாகவோ கணினி எழுத்தாகவோ மாற்ற 2012-ல் திருத்திய நம் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. இதற்கான சர்வதேச ஒப்பந்தமான மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, 2014-ல். சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் இருக்கிறது. அவ்வளவு இருந்தும், ஸ்கேன் செய்த படமாகவே ஏற்றிய ஆய்வேட்டைத் திரைவாசிப்பு மென்பொருளால் படிக்க முடியாது. ஆகவே தீசிஸ் கொண்டுவரும் மாணவர்களிடம் ஸ்கேன் பிரதி வேண்டாம், டைப் செய்த கோப்பில் இருந்து பிடிஎஃப் எடுத்துத் தாருங்கள் என்று விடாமல் கேட்கிறேன். தமிழ் ஆய்வேடுகளில் இதைவிடப் பெரிய தொல்லை பழைய எழுத்துருக்கள். யூனிகோடில் இல்லாத தமிழ் தேடலிலும் வராது, வாசித்தும் காட்டாது. அந்த ஆய்வேடு இருந்தும் இல்லாத மாதிரிதான். இனி எழுதுகிறவர்களாவது யூனிகோடில் எழுதுங்கள்.

ஆய்வு மாணவர்களுக்கும் இளம் பேராசிரியர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. "உங்கள் கட்டுரை மூன்று நாளில் பிரசுரம், ரூ. 1,500 மட்டும்" என்று வாட்ஸ்அப்பில் வருவது திறந்த அணுகல் அல்ல, திறந்த அணுகலின் பெயரில் நடக்கும் வியாபாரம். யாரும் சரிபார்க்காத கட்டுரையை மூன்று நாளில் போடலாம், ஆனால் அதை நம்பி ஒருவர் தோப்பில் மருந்தடித்தால் என்ன ஆகும்? தரமான ஆய்விதழ்கள் எவை என்று காட்டிய யுஜிசி-கேர் பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டுவிட்டது, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது நம்மிடம். டிஓஏஜே என்ற திறந்த அணுகல் இதழ்களின் பட்டியலில் இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் இருப்பதாகப் போட்டவர்கள் உண்மையில் இருக்கிறார்களா, பழைய இதழ்களில் நாலைந்து கட்டுரையாவது படிக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் பணம் கட்டும் முன் நூலகத்துக்கு வாருங்கள். எழுதுகிறவரிடம் ஒரு பைசா கூட வாங்காத நல்ல திறந்த இதழ்கள் இருக்கின்றன.

வழிகாட்டிப் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அறிவியல் ஆய்வேடானாலும் கடைசியில் இரண்டு பக்கம் தமிழில் சுருக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். எங்கே, யாரிடம், எதைப் பற்றி ஆராய்ந்தோம், என்ன தெரிந்தது. நொய்யல்கரைக் கிணற்றுக்காரரும் அந்தியூர் மலையடிவாரத்துக்காரரும் தங்கள் மண்ணையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போக விட்டவர்கள், கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர்கள். முடிவு என்ன என்று அவர்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டாமா? எழுத ஒரு நாள் ஆகும். ஏற்ற எங்களுக்கு ஐந்து நிமிடம்.

வர நினைப்பவர்களுக்கு: நூலகத்துக்கு முதலில் போன் செய்துவிட்டு, பல்கலைக்கழக வேலை நாளில் வாருங்கள். ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, என்ன தேடுகிறீர்கள் என்று தமிழில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, முடிந்தால் ஒரு பென் டிரைவ். சில நூலகங்களில் அறிமுகக் கடிதம் கேட்பார்கள், சிலவற்றில் சிறு கட்டணம் இருக்கும். உள்ளே வந்ததும் இஷ்யூ கவுன்டரில் நிற்க வேண்டாம், அது புத்தகம் வாங்கவும் திருப்பித் தரவும். ரெஃபரன்ஸ் பிரிவு எங்கே என்று கேளுங்கள், எங்களில் ஒருவர் அங்கே இருப்போம்.