பொம்மைப் படை திரும்புவதற்கு என்ன விலை?

மேசையில் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டில், படை நேராக எவ்வளவு தூரம் போகும் என்பது எளிய கேள்வி. பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-ல் வெளியிட்ட விதிகளில் ஒரு சுற்று என்பது 2 நிமிடம், வரைபடத்தின் அளவு 1-க்கு 8,000. நிமிடத்துக்கு 75 மீட்டர் நடக்கும் சிப்பாய் 2 நிமிடத்தில் 150 மீட்டர் போவான். வரைபடத்தில் அது 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. 1913-ல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் இன்னும் எளிமையாக்கினார்: காலாளுக்கு 1 அடி, குதிரை வீரனுக்கு 2 அடி, அளக்கக் கயிறு.

சிக்கல் திரும்பும்போதுதான் வருகிறது. என்.சி.சி. அணிவகுப்பில் 'ரைட் வீல்' (வரிசை கலையாமல் வலப்பக்கம் வளைவது) நடந்தவர்களுக்கு இது காலிலேயே தெரியும். உள்ஓரத்தில் இருப்பவர் நின்ற இடத்திலேயே கால் மாற்றுவார். வெளிஓரத்தில் இருப்பவர் எட்டி எட்டி நடப்பார். பழைய விதிகள் இந்த வெளிஓரத்து ஆளைத்தான் அளந்தன.

1990-களின் வார்ஹாமர் என்ற பொம்மைப் போர் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். மனிதக் காலாள் பொம்மை நிற்கும் அடிக்கட்டை 20 மில்லிமீட்டர் அகலம், ஒரு சுற்றுக்கு நகர்வு 4 அங்குலம். ஐந்து பேர் தோளோடு தோள் நின்றால் முன்வரிசை 100 மில்லிமீட்டர். அந்த வரிசை 90 பாகை வளைய, வெளிஓரத்து ஆள் 157 மில்லிமீட்டர் வில்லாக நடக்க வேண்டும். அவனிடம் இருப்பதோ சுமார் 102. அதனால் 58 பாகையோடு நகர்வு தீர்ந்துவிடும். முன்வரிசையில் பத்துப் பேரை நிறுத்தினால் அதுவும் பாதியாகி 29 பாகைதான். அகன்ற வரிசையில் கூடுதல் பேர் சண்டையிடலாம், ஆனால் அது எளிதில் திரும்பாது. நிஜப் போர்க்களத்து உண்மை ஒன்றை ஒரு அளவு டேப் இவ்வளவு அழகாகச் சொல்லிவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

டேப்பை நேராகப் பிடித்து அளந்தால் கணக்கு தப்பிவிடும். 90 பாகை வளைவில் நேர்கோடு 141 மில்லிமீட்டர்தான் காட்டும்; 16 மில்லிமீட்டர் இலவசமாகக் கிடைத்துவிடும்.

சரி, ஒவ்வொரு பொம்மையையும் நின்ற இடத்திலேயே திருப்பினால் என்ன? திருப்பலாம், நகர்வில் கால் பங்கு கழியும். ஆனால் எதிரிமேல் பாயும்போது அந்த வழி கிடையாது, வளைந்துதான் போக வேண்டும். அதோடு, 'பாய்கிறேன்' என்று அறிவித்த பிறகே டேப்பைத் தொடலாம். அதுவரை கண்தான் அளவுகோல்.

பாய்ச்சலுக்கு நகர்வு இரட்டிப்பாகி 8 அங்குலமாகும். நம் ஐந்து பேர் வரிசை 30 பாகை வளைய வேண்டும் என்று வையுங்கள். அதற்கே சுமார் 2 அங்குலம் போய்விடும், மிச்சம் 6. வளைந்து முடித்ததும் எதிரி 7 அங்குலம் தள்ளி நிற்கிறான். கண்ணுக்கு எட்டியது, டேப்புக்கு எட்டவில்லை. அப்புறம் படை பாதித் தூரமான 4 அங்குலத்தோடு நின்றுவிடும், எதிரியின் பாய்ச்சலுக்குக் கைக்கெட்டும் தொலைவில்.