விளார் அடிச்ச கண்ணும் மெடிக்கல் கடை சொட்டு மருந்தும்

கூடை பின்றது தப்புன்னு நான் சொல்லவே இல்லைங்க, மொதல்ல அதைச் சொல்லிடுறேன். ஏன்னா போன தடவை ஓ.பி.யில வச்சுக் கொஞ்சம் சத்தமாப் பேசுனதுக்கு, "டாக்டரம்மா கைத்தொழிலையே விடச் சொல்றாங்க"ன்னு வெளிய போயி ஒருத்தர் பரப்பிட்டாரு. நான் மதுரையில கருவிழி (கண்ணோட முன்னாடி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்குற படலம், கார்னியா) பார்க்குற டாக்டர். நெல்லு தோகை கிழிச்ச கண்ணு, கரும்புச் சோகை அறுத்த கண்ணு, மாட்டு வால் அடிச்ச கண்ணு, இதெல்லாம் எங்களுக்கு வருஷம் பூராம் வரும். இப்பக் கொஞ்ச நாளா கூடை பின்னப் போயி அடிபட்டு வர்ற கண்ணும் சேர்ந்துருக்கு. எல்லாக் கதையும் ஒரே மாதிரி முடியுறதால பொறுமை போயிருச்சு, எழுதிடுறேன்.

வர்றவங்க ரெண்டு வகை. ஒண்ணு, உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கம் காலங்காலமாப் பின்றவங்க. புளியம் விளார் (வளையுற மெல்லிசான குச்சி), நொச்சி விளார், பருத்திமார், ஈச்சம் ஓலைன்னு ஊரைச் சுத்திக் கெடைக்கிறதை வெட்டியாந்து சாணிக்கூடை, கோழி கவுக்குற பஞ்சாரம் எல்லாம் பின்னி சந்தையில விப்பாங்க. இன்னொண்ணு டவுன் ஆளுங்க. 2019 ஜனவரியில தூக்கி எறியுற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு துணிப்பை, ஓலைப்பெட்டின்னு ஒரு ஆசை வந்துச்சில்ல, அதோட தொடர்ச்சியா ஞாயித்துக்கிழமையானா கண்மாய்க்கரையில செடி வெட்டி அங்கயே கூடை பின்னக் கத்துத்தர்ற வொர்க்‌ஷாப்பெல்லாம் நடக்குது. நல்ல விஷயம்தான், செல்போனை நோண்டுறதுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா கண்ணாடி போடாம புதருக்குள்ள தலையை விடுறீங்களே, அதைத்தான் சொல்ல வந்தேன். (அழகர்மலை, சிறுமலை மாதிரி காப்புக்காட்டுல அனுமதி இல்லாம ஒரு குச்சி வெட்டுறதும் குத்தம், 2022ல பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச அரிட்டாபட்டி பக்கமும் அரிவாளோட போயிராதீங்க. கருவேலம் புதர்ல கண்ணாடி விரியன் படுத்துருக்கும், அதுக்கு வேற டாக்டர் இருக்காரு.)

எழுத வச்ச கேஸைச் சொல்றேன், அடையாளம் தெரியாத மாதிரி கொஞ்சம் மாத்தி. பஞ்சாரம் பின்ற அம்மா, அம்பது வயசுக்கு மேல. ஊறவச்ச விளாரை வளைச்சு, நட்டமா நிக்குற ஒரு குத்துக்குச்சிக்கு உள்ளயும் அடுத்ததுக்கு வெளியவும் விட்டு இழுக்கணும், இழுக்கும்போது மறுமுனை காத்துல ஆடிட்டே இருக்கும். பிடி நழுவுச்சுன்னா அது நேரா முகத்துக்குத்தான் வரும், ஏன்னா கூடையை மடியில வச்சுக் குனிஞ்சுதான் பின்றாங்க. அப்படித்தான் எடது கண்ணுல சுளீர்னு ஒரு அடி. பின்றவங்களுக்கு இதெல்லாம் ஒரு அடியே இல்லை, கண்ணைக் கசக்கிட்டு மேல் விளிம்பு வாய்க்கட்டு வரைக்கும் பின்னி முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சுருக்காங்க. அன்னைக்கு ராத்திரி வெளக்கெண்ணெய். மறுநாள் பக்கத்து வீட்டுல பிள்ளை பெத்திருந்த பொண்ணுகிட்ட வாங்கித் தாய்ப்பால். அப்புறம் மகன் போயி மெடிக்கல் கடையில "கண்ணு செவந்துருக்கு"ன்னு சொல்லி ஒரு சொட்டு மருந்து. செவப்பு கொறைஞ்சுருச்சு, அதனால விடாம ஊத்திருக்காங்க. எங்ககிட்ட வரும்போது மூணு வாரம் ஆயிருச்சு.

"மருந்து ஊத்துனா நல்லாத்தேன் இருந்துச்சு டாக்டரம்மா, இப்பத்தேன் பூ விழுந்த மாதிரி மறைக்குது."

"எந்த மருந்தும்மா, காட்டுங்க."

முந்தானை முடிச்சுல இருந்து சின்ன பாட்டிலை எடுத்தாங்க. பாதி லேபிள் எண்ணெயில ஊறி அழிஞ்சுருந்துச்சு, ஆனா எடது ஓரத்துல அந்தச் செவப்புக் கோடு நல்லாத் தெரிஞ்சுது. ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த மருந்து. கருவிழி நடுவுல சாம்பல் வெள்ளையாக் காஞ்சாப்புல ஒரு புண்ணு, ஓரமெல்லாம் பிசிறு பிசிறா, சுத்தி ரெண்டு மூணு சின்னப் புள்ளி, கீழ சீழ் கோடு கட்டி நிக்குது. லேசாச் சுரண்டி, கே.ஓ.எச்.ங்கிற ரசாயனத்தை விட்டு மைக்ராஸ்கோப்புல பார்த்தா பூஞ்சை இழை இழையா ஓடுது. பார்க்காமலே தெரிஞ்சதுதான். (ஜூனியர் டாக்டருங்க படிக்கிறீங்கன்னா ஒரு வார்த்தை: பிசிறு ஓரத்தை மட்டும் நம்பாதீங்க, சுரண்டிப் பாருங்க, பார்க்குறதுக்கு முன்னாடி எதையும் எழுதாதீங்க.)

இப்ப எனக்கு எரிச்சல் வர்ற எடத்துக்கு வர்றேன், கொஞ்சம் நீளமாத்தான் சொல்லுவேன். "செவப்பு போயிருச்சு, அப்ப சரியாயிருச்சு." இல்லைங்க. கண்ணு செவக்குறது நோய் இல்லை, உள்ள வந்த கிருமியோட உடம்பு மல்லுக்கட்டுறதோட அடையாளம். ஸ்டீராய்டு அந்த மல்லுக்கட்டை நிறுத்துது, கிருமியை ஒண்ணும் பண்றதில்லை. திருடன் உள்ள இருக்கும்போது குரைக்கிற நாயோட வாயைக் கட்டிட்டு, சத்தம் நின்னுருச்சு, அவன் போயிட்டான்னு சொல்ற மாதிரிதான் இது. செவப்பு போகும், வலியும் கொறையும், ரெண்டு நாள் நல்லாத் தூங்குவீங்க, உள்ள பூஞ்சை பாட்டுக்கு யார் தொந்தரவும் இல்லாம ஆழமாப் போயிட்டே இருக்கும். கூட ஆன்டிபயாட்டிக் இருக்கேன்னு கேப்பீங்க. அது பாக்டீரியாவுக்கு, பூஞ்சையை அது தொடாது. செடி, கொடி, வைக்கோல், மண்ணு பட்ட கண்ணுல நம்ம ஊர்ல மொதல்ல சந்தேகப்பட வேண்டியதே பூஞ்சையைத்தான்.

அப்புறம் இன்னொரு கேள்வி வரும். "நீங்களே எங்க அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் பண்ணிட்டு இதே மருந்துதான எழுதுனீங்க?" ஆமா, எழுதுனேன். சுத்தமான தியேட்டர்ல, நாங்களே போட்ட வெட்டு, வீக்கம் கொறையட்டும்னு நாள் கணக்கு வச்சுக் கொறைச்சுக்கிட்டே வந்து நிறுத்துறது அது. கண்மாய்க்கரைக் குச்சி போட்ட காயமும் அதுவும் ஒண்ணா? அந்த ஆபரேஷன்ல மிஞ்சுன பாட்டிலை ஃபிரிட்ஜ்ல முட்டைக்குப் பக்கத்துல வச்சுருந்து, மகளுக்கு, மருமகளுக்கு, பக்கத்து வீட்டுக்காரங்களுக்குன்னு ஊத்துறாங்களே, அய்யோ. தொறந்த சொட்டு மருந்தை ஒரு மாசத்துக்கு மேல வச்சுக்கவே கூடாது, குப்பையில போடுங்க. லேபிள்ல டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன்னு இருந்தா அது ஸ்டீராய்டு. எழுத்துப் பொடிசா இருந்தா போட்டோ எடுத்துப் பெருசாக்கிப் பாருங்க. இங்கிலீஷ் படிக்கத் தெரியலைன்னா பரவாயில்லை, அந்தச் செவப்புக் கோட்டைப் பாருங்க, டாக்டர் சீட்டு இல்லாமக் குடுக்கக்கூடாத மருந்துன்னு அர்த்தம்.

இதெல்லாம் எங்கயோ ஒண்ணு ரெண்டு நடக்குறதுன்னு நெனைச்சுராதீங்க. நம்ம மதுரை மாவட்டத்தை வச்சே 1996ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஒரு லட்சம் பேர்ல வருஷத்துக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண்ணு வருதுன்னு. அமெரிக்காவுல அதே மாதிரி எடுத்த கணக்கை விட இது பத்து மடங்கு. அங்க பாதிக்குக் காரணம் கான்டாக்ட் லென்ஸ், இங்க வயக்காடு.

சரி, பூஞ்சைன்னு தெரிஞ்சா மருந்து இருக்கா? இருக்கு, நாட்டமைசின் 5%. பழைய மருந்துதான். வோரிகோனசோல்னு புதுசா, வெலை கூடுனது ஒண்ணு வந்தப்ப ரெண்டையும் மதுரை உட்பட நம்ம பக்கத்து நோயாளிகளை வச்சே ஒப்பிட்டுப் பார்த்து 2013ல முடிவு வந்துச்சு, பழசே ஜெயிச்சுருச்சு, அதுவும் ஃபியூசேரியம்ங்கிற பூஞ்சையில நல்லாவே. ஆனா மணிக்கு ஒரு தடவை ஊத்தணும், வாரக்கணக்குல ஊத்தணும். அடியில வெள்ளையா மாவு மாதிரி தங்குற மருந்து, பாட்டிலைக் குலுக்காம ஊத்துனா வெறும் தண்ணியைத்தான் ஊத்துறீங்க. இவ்வளவு பண்ணியும் நடுவுல தழும்பு நின்னுருச்சுன்னா பார்வை மங்கல்தான், ஓட்டை விழுந்தா அவசரமா தானம் வந்த கருவிழியை வச்சுத் தைக்கணும், பூஞ்சை இருந்த கண்ணுல அது ஒட்டிக்கிறதும் கஷ்டம். அந்த அம்மாவுக்குக் கண்ணு தப்பிச்சுருச்சு, பார்வை பாதிதான். மொத ரெண்டு நாள்ல வந்துருந்தா இந்தப் பத்தியே எழுத வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு உறுதியாச் சொல்றேன்னா, நேபாளத்துல பக்தபூர்ல கிராமத்து சுகாதாரப் பணியாளருங்களை வச்சு ஒரு வேலை பண்ணாங்க. கண்ணுல கீறல்னு வந்தவங்களுக்கு உடனே குளோராம்பெனிகால் களிம்பு, ஒரு நாளைக்கு மூணு வேளை, மூணு நாளு. (இது ஸ்டீராய்டு கலக்காத ஆன்டிபயாட்டிக், புண்ணு வர்றதுக்கு முன்னாடியே தடுக்குறதுக்கு, வந்துட்ட பூஞ்சைக்கு மருந்து இல்லை.) அடிபட்டு 18 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தருக்குக்கூடப் புண்ணு வரலை. அம்புட்டுத்தான் விஷயம். ஆனா கடையில போயி நீங்களே வாங்காதீங்க, குழம்பிப் போயி வேற டியூப் குடுத்துருவாங்க. அன்னைக்கே வந்து காட்டுங்க, கீறலைக் காட்டுறதுக்குன்னு எங்ககிட்ட இருக்குற மஞ்சக் கலர் சாயத்தை விட்டுப் பார்த்து நாங்க எழுதித் தர்றோம்.

இது பழசாப் பின்றவங்க கதை. வொர்க்‌ஷாப் போற பிள்ளைங்களோட பிரச்சனை வேற, செடியில வடியுற பாலு. வேலியில பென்சில் கனத்துக்கு, எலையே இல்லாம, பச்சையா வழவழன்னு கொத்துக் கொத்தா நிக்குமே திருகுகள்ளி, அதைப் பார்த்ததும் கூடைக்குன்னே மொளைச்ச மாதிரி தோணும். ஒடிச்சா வெள்ளையாப் பால் கொட்டும். கொடிக்கள்ளியும் அப்படித்தான், கொடி மாதிரி நீளமா இருக்குறதால இன்னும் ஆசையா அறுப்பாங்க. அந்தக் கையால வேர்வையைத் தொடைச்சா போதும். மொதல்ல லேசா எரியும், "கழுவிட்டேன், ஓகே"ன்னு வீட்டுக்குப் போயிருவாங்க, ராத்திரிக்கு மேலதான் கண்ணைத் தொறக்க முடியாம வலி ஆரம்பிக்கும், கருவிழி மேல்தோலு உரிஞ்சு வரும். ஒழுங்கா வைத்தியம் பார்த்தா பெரும்பாலும் ஆறிடும், பயப்பட வேணாம், ஆனா வரணும்.

எருக்கு இதை விட மோசம், ஏன்னா வலிக்காது. எருக்கந்தண்டை உரிச்சு நார் எடுக்குறது பழைய வித்தை, கெட்டியான நாரு, அதை இப்பக் கயிறு திரிக்கக் கத்துக்குடுக்குறாங்க. அந்தப் பாலுக்குக் கண்ணை மரத்துப்போக வைக்குற குணம் உண்டு. அதனால வலி இல்லாம, பார்வை மட்டும் பனிமூட்டமா மங்கும், வெளிச்சம் கூசும். "வலிக்கலையே டாக்டர், அதான் வரலை"ன்னு சொல்லுவாங்க. கருவிழியோட உள்பக்கத்துச் செல் அடுக்கு வரைக்கும் போயித் தாக்குற பாலுங்க அது. எருக்கு பட்டு வலிக்கலைன்னா நல்ல சேதின்னு நெனைக்காதீங்க, ஓடி வாங்க.

அப்புறம் ஈச்சம். ஓலை நல்ல ஓலைதான், ஆனா மட்டையோட அடியில இருக்குற ஓலையெல்லாம் முள்ளா மாறி ஊசி மாதிரி நிக்கும், குட்டை ஈச்சம் கண்ணு மட்டத்துல இருக்கும், குருத்தோலைக்காகக் குனிஞ்சு கையை விடுறப்ப முகம் முள்ளுக்கு நேரா. முள்ளு குத்தி உள்ள நிக்குதுன்னா கழுவக் கூடாது, கசக்கக் கூடாது, நீங்களோ உங்க வீட்டு வீரரோ புடுங்கக் கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கண்ணுல அழுத்தாமக் கவுத்து, ஓரத்துல பிளாஸ்டர் ஒட்டிட்டு நேரா ஆஸ்பத்திரி. பைக்கை நீங்க ஓட்டாதீங்க.

மத்ததுக்கெல்லாம் சுருக்கமா. கண்ணாடி போடுங்க, ஹார்டுவேர் கடையில ஓரம் மூடுன பிளாஸ்டிக் கண்ணாடி ஒரு பரோட்டா சால்னா காசுக்குக் கெடைக்கும், வெட்டும்போதும் போடணும் பின்னும்போதும் போடணும், நெத்தியில மாட்டிக்கிட்டு செல்ஃபி எடுக்குறதுக்கு இல்லை. கான்டாக்ட் லென்ஸ் போட்டுட்டுப் புதருக்குப் போகவே போகாதீங்க. விளாரைப் பல்லால கடிச்சு உரிக்காதீங்க, நீட்டிக்கிட்டு நிக்குற முனையை அப்பப்ப நறுக்குங்க, பக்கத்துல பிள்ளைங்களை ஒக்கார வச்சுப் பின்னாதீங்க தாயீ, ஆடுற முனை அதுக கண்ணு உயரத்துலதான் இருக்கு. ஒடிச்சா பால் வடியுற எதுவும் கூடைக்கு வேணாம். நொச்சி இருக்கு, புளி இருக்கு, கோரை இருக்கு, நம்ம பக்கம் குச்சிக்கா பஞ்சம்?

பாலோ தூசியோ பட்டுருச்சுன்னா அங்கயே, அந்த நிமிஷமே, குடிக்கிற தண்ணியைக் கால் மணி நேரத்துக்குக் கொறையாம ஊத்திக் கழுவுங்க. கண்மாய்த் தண்ணியில இல்லை. நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால், எண்ணெய், நாக்கால நக்கி எடுக்குறது எதுவும் வேணாம், பாசத்துலதான் பண்றீங்கன்னு தெரியும், வேணாம். கருவிழியில வெள்ளையா ஒரு கடுகளவு புள்ளி தெரிஞ்சாலும், வெளிச்சம் கூசுனாலும், கண்ணீர் நிக்காம வந்தாலும் மறுநாள் பாப்போம்னு தள்ளாதீங்க.

மெடிக்கல் கடை அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள்தான், சண்டைக்கு வரலை. கண்ணு செவந்துருக்குன்னு வந்தா "என்ன பட்டுச்சு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்கண்ணே. குச்சி, எலை, வைக்கோல்னு பதில் வந்தா எதுவும் குடுக்காம எங்ககிட்ட அனுப்பி வைங்க, அந்த யாவாரம் போனாப் போகட்டும்.

வொர்க்‌ஷாப் நடத்துறவங்க டீ, சுண்டலுக்கு ஏற்பாடு பண்ற மாதிரி ரெண்டு கேன் குடிதண்ணியும் ஆளுக்கொரு கண்ணாடியும் வச்சுருங்க, எந்தச் செடியில பால் இருக்குன்னு அரிவாளைக் கையில குடுக்குறதுக்கு முன்னாடியே காட்டிருங்க. யாருக்காவது பட்டா, ஞாயித்துக்கிழமைன்னு திங்கக்கிழமை வரைக்கும் காத்துருக்க வேணாம், எமர்ஜென்சி தொறந்துதான் இருக்கும். வரும்போது அந்தச் செடியில ஒரு துண்டைக் கவர்ல போட்டுக் கையோட கொண்டாங்க, ஏற்கனவே எதாவது ஊத்தியிருந்தா அந்தப் பாட்டிலையும். திட்டுவேன், ஆனா பாட்டிலைப் பார்த்தாத்தான் அடுத்து என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியும்.