ஆஃப் ஒயிட்: சொல்லும் சாயலும்

தூய வெண்மையிலிருந்து சிறிதளவு விலகி, மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றன் பக்கம் சாய்ந்திருக்கும் வெண்மைகள் அனைத்துக்கும் பொதுவாக வழங்கும் பெயரே ‘ஆஃப் ஒயிட்’. பெயின்ட் கடையின் ஷேட் கார்டில் ஐவரி, கிரீம், பேர்ல் என்று தனித்தனிப் பெயர் பெற்றிருப்பவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ (off) என்பதும் ‘ஆவ்’ (of) என்பதும் ஒரே பழஞ்சொல்லின் இரு வடிவங்கள். அழுத்தி ஒலிக்கப்பட்ட வடிவம் நாளடைவில் ‘விலகி, அகன்று’ என்ற பொருளைத் தனக்கென எடுத்துக்கொண்டது. ஆகவே ‘ஆஃப் ஒயிட்’ என்றால் வெள்ளையினின்று விலகியது என்பதே நேர்ப்பொருள். எந்த நிறத்தின் பக்கம் விலகியது என்பதை இச்சொல் சொல்வதில்லை. வீட்டுக்கு வண்ணம் தேர்பவருக்கோ அதுதான் தெரிய வேண்டும். மஞ்சள் பக்கம் சாய்ந்த ஒன்றையும் சாம்பல் பக்கம் சாய்ந்த ஒன்றையும் அடுத்தடுத்த சுவர்களில் பூசினால், ஒன்று பழுப்பேறியதாகவும் மற்றொன்று அழுக்கடைந்ததாகவும் தோன்றக்கூடும்.

தமிழில் ‘வெள்’ என்ற வேர் முதலிலிருந்தே தாராளமானது. வெண்கலம் வெண்மையானதன்று, செம்பை நோக்க அது வெளிறியது, அவ்வளவே. பாசிப்பருப்பின் மஞ்சள் தெரியும் பொங்கலையும், வெல்லம் சேர்ந்த சர்க்கரைப் பொங்கலுக்கு எதிரில் வைத்து வெண்பொங்கல் என்கிறோம். வெண்மையை ஒப்பீட்டால் அறிவது என்ற இந்தப் பார்வை பெயின்டுக்கும் பொருந்தும். தனியே பார்க்கையில் வெள்ளையாகத் தெரியும் சுவர், அதைவிட வெள்ளையான கதவுச் சட்டம் அருகில் வந்தவுடன் தன் சாயலைக் காட்டிவிடும்.

சுண்ணாம்பு அடித்த காலத்துக் கொத்தனார்கள் இதை நன்கறிந்திருந்தனர். சுண்ணாம்பின் மெல்லிய மஞ்சளை மறைக்க, துணிக்குப் போடும் நீலத்தைச் சிறிதளவு கரைத்துக் கலந்தார்கள். மஞ்சளை நீலம் ஈடுசெய்ததால் சுவர் பளிச்சென்று தெரிந்தது. அளவு மிஞ்சினால் வீடு நீலம் பாரித்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இன்றைய எமல்ஷன்களில் வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடும் ஊதா ஒளியைச் சற்றே உறிஞ்சுவதால், அதற்கும் இலேசான மஞ்சட்சாயல் உண்டு. அதைத் திருத்த ஆலைகளிலும் மிகச் சிறிதளவு நீலமோ ஊதாவோ சேர்ப்பது உண்டு. ‘தூய வெள்ளை’ என்று வாளியில் எழுதியிருப்பதும் இவ்வாறு திருத்தப்பட்ட வெண்மையாக இருக்கக்கூடும்.

வெளிச்சம் இச்சாயலை மேலும் மாற்றுகிறது. வடக்கு நோக்கிய அறைக்கு மஞ்சள் சாய்ந்த வெள்ளையே ஏற்றது என்ற அறிவுரை, ஆண்டு முழுவதும் நண்பகற் சூரியன் தெற்கு வானில் நிற்கும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் உள்ள சென்னையில், ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்பதால், அந்த விதியை இங்கே அப்படியே கைக்கொள்ள முடியாது. என் பார்வையில், திசையைக் காட்டிலும் விளக்கையும் தரையையும் முதலில் கவனிக்க வேண்டும். நீலம் கலந்த வெள்ளொளி தரும் 6500 கெல்வின் எல்.இ.டி. விளக்கின் கீழ் நீலம் சாய்ந்த வெள்ளை மருத்துவமனைச் சுவரைப் போல் ஆகிவிடும். மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் விளக்கின் கீழ் கிரீம் வகைகள் மேலும் மஞ்சளாகும். ரெட் ஆக்சைடு தரையில் பட்டுத் திரும்பும் ஒளியோ சுவரின் கீழ்ப்பாதிக்கு இளஞ்சிவப்பு ஏற்றும்.

தமிழ் நிகர்ச்சொல்லுக்கு வருவோம். ‘மங்கிய வெள்ளை’ என்பது பொலிவிழந்ததைக் குறிக்கும். புதிதாகப் பூசிய சுவருக்கு அது பழிச்சொல். ‘வெளிர் வெள்ளை’ கூறியது கூறல். ‘அரைவெள்ளை’ பாதியளவு விலகியதாக எண்ண வைக்கும். உண்மையான விலகல் மிகச் சிறிது. இவற்றைவிட ‘சாயல் வெண்மை’ பொருத்தமானது என்பது என் கருத்து. அதன் முன்னே நிறப்பெயரைச் சேர்த்து மஞ்சட்சாயல் வெண்மை, சாம்பற்சாயல் வெண்மை என்று சொன்னால், ஆங்கிலச் சொல் விட்டுவிட்ட செய்தியும் கிடைத்துவிடுகிறது. வெண்மைக்குள் மறைந்திருக்கும் இந்த நிறச்சாய்வை ஆங்கிலத்தில் ‘அண்டர்டோன்’ என்பர்; அதை உட்சாயல் எனலாம். ஐவரி என்றால் யானைத் தந்தம்; அந்நிறத்துக்குத் ‘தந்த நிறம்’ என்ற சொல் வழக்கில் உள்ளது. வெளுக்காத காடாத் துணியின் நிறமும் இக்குடும்பத்தின் நல்ல உறுப்பினர்; அதை ஏனோ பெயின்ட் உலகம் கண்டுகொள்ளவில்லை.

உட்சாயலை அறிய வெள்ளைத் தாளோடு ஒப்பிடும் பழக்கம் ஏமாற்றும். அச்சுத்தாளில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் கலந்திருப்பதால், அதன் அருகில் எல்லாமே மஞ்சளாகத் தோன்றும். ஷேட் கார்டின் அதே பட்டையில் உள்ள மிக அடர்ந்த நிறத்தைப் பார்த்தால், மேலுள்ள வெண்மை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பிறகு ஒரு பெரிய பலகையில் இரண்டு கோட் பூசி, நன்கு உலர்ந்தபின் பகலிலும் இரவு விளக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். வாங்கும்போது பெயரோடு ஷேட் எண்ணையும் குறித்துக்கொள்வது அவசியம். ஐவரி என்ற ஒரே பெயரில் இரு நிறுவனங்கள் விற்பவை ஒரே நிறமாக இருக்க வேண்டியதில்லை.