அணைக்குக் கீழே யார் இருந்தார்கள்?

வீடியோ விளையாட்டுகளுக்குக் கதை எழுதுவது என் தொழில். வேற்றுக் கோளில் எதிரியின் அணையைத் தாழப் பறந்து தகர்க்கும் கட்டம் ஒன்றை ஒருமுறை எழுதியிருந்தேன். சோதனை ஆட்டத்துக்கு வந்த பெண் அணையை உடைத்துவிட்டு, மதிப்பெண்ணைக்கூடப் பார்க்காமல் கேட்டார்: "இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?" எங்கும் போகவில்லை. அணைக்குக் கீழே நாங்கள் எதையுமே வரைந்திருக்கவில்லை.

அந்தக் கட்டம் என் சொந்தச் சரக்கும் அன்று. 1943 மே 16 இரவு, பிரிட்டனின் 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் ஜெர்மனியின் அணைகளைத் தாக்கப் புறப்பட்டன. பிரிட்டிஷ் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த குண்டு, குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லைப் போல நீரில் தத்திப் போய், அணைச்சுவரை ஒட்டி மூழ்கிய பிறகே வெடிக்கும். அதற்கு விமானம் சரியாக 60 அடி உயரத்தில் பறக்க வேண்டும். இருட்டில் அதை எப்படி அளப்பது? விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைச் சாய்த்துப் பொருத்தினார்கள். தண்ணீரில் விழும் இரு ஒளிவட்டங்களும் ஒன்றையொன்று தொட்டால் உயரம் சரி. விளையாட்டு எழுதுபவனுக்கு இதைவிடக் கச்சிதமான விதி கிடைக்குமா? நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

8 விமானங்கள் திரும்பவில்லை, 53 வீரர்கள் இறந்தார்கள் என்பதும் எனக்கு அப்போதே தெரியும். தெரியாதது மற்றொன்று. அன்றிரவு உடைந்த மோனே அணையின் வெள்ளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஜெர்மானியரே அல்லர். கட்டாய வேலைக்காகப் பிடித்துவரப்பட்ட அயல்நாட்டார். நெஹைம் நகரருகே முகாமில் அடைபட்டிருந்த சோவியத் பெண்களும் அதில் அடக்கம். குண்டு போட்ட நாட்டின் நட்பு நாட்டுப் பெண்கள்!

விமானியின் இருக்கையிலிருந்து மட்டும் போரைப் பார்த்தால் இவர்கள் கண்ணில் படுவதில்லை. அதே போரில் ஜெர்மனி ஏவிய வி-2 ராக்கெட்டும் அப்படித்தான். அதன் கூர்மூக்கு வடிவத்தை விண்கலமாக வரையாத ஓவியர் குறைவு. அது விழுந்து இறந்தவர்களைவிட, அதைச் செய்யும் வேலையில் மாண்ட கைதிகளே அதிகம் என்பதை அறிந்தவர்களும் குறைவு. மாறாக, 2014இல் வெளிவந்த 'திஸ் வார் ஆஃப் மைன்' விளையாட்டு, 1990களின் போஸ்னியப் போரில் நடந்த சரயேவோ நகர முற்றுகையிலிருந்து துப்பாக்கியை அல்ல, குளிரையும் பசியையும் எடுத்துக்கொண்டது.

  

இப்போது எந்தப் போரிலிருந்து எதை எடுத்தாலும், முதலில் தரையிலிருந்து எடுத்த ஒரு படத்தைத் தேடிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் எழுத உட்காருகிறேன். அணைக் கட்டத்தையும் மாற்றினோம். பள்ளத்தாக்கில் ஒரு முகாம், அதில் சில விளக்குகள். அதே பெண் மறுபடி ஆட வந்தார். ஒளிவட்டங்களைச் சரியாகத் தொடவைத்தார். குண்டை விடாமல் இரண்டு முறை வட்டமடித்தார்.