பிற துறைத் தாள்: அந்த 9 கிரெடிட் எதற்கு?

இளங்கலை சேரும் பிள்ளைகள் மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, பத்துப் பேரிடம் விசாரித்துத்தான் எடுக்கிறார்கள். தங்கள் துறைக்கு வெளியே எடுக்க வேண்டிய பிற துறைத் தாளுக்கு மட்டும், "எதுல மார்க் ஈஸியா வரும்?" என்று சீனியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிக் போட்டுவிடுகிறார்கள். இதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளங்கலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். நான்காண்டு ஆனர்ஸுக்கு 160. அதில் 9 கிரெடிட் பல்துறைப் படிப்புக்கு உரியது: தலா 3 கிரெடிட்டில் மூன்று அறிமுகத் தாள்கள். வகுப்பறைப் பாடத்துக்கு ஒரு கிரெடிட் என்றால் செமஸ்டருக்கு 15 மணி நேரம். மொத்தம் 135 மணி நேரம், உங்கள் துறைக்கு வெளியே உட்கார்ந்து கேட்க.

இந்தத் தாள்களுக்கு ஐந்து பிரிவுகள்: இயற்கை அறிவியல்; கணிதம், புள்ளியியல், கணினி; நூலகம், தகவல், ஊடகம்; வணிகம், மேலாண்மை; ஹியுமானிட்டீஸும் சமூக அறிவியலும். மேஜர், மைனர் (துணைப் பாடம்) துறையில் பிளஸ் டூவில் படித்ததையே இங்கே திரும்ப எடுக்க விதி இடம் தராது. தெரிந்ததையே படித்து மார்க் வாங்கிவிட்டுப் போகக் கூடாது என்பதற்குத்தான் இந்தத் தடை. நல்ல தடை.

ஆனால் மூன்று தாளை எழுதி முடித்தால் மூன்று துறையும் தானாக மனதில் சேர்ந்துவிடாது. சேர்க்கிற வேலை நம்முடையது. காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம்; பல்லில் கறை, எலும்பில் பாதிப்பு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை என்கிறது இந்தியத் தரநிலை. வேதியியல் மாணவி அதை அளந்து சொல்லிவிடுவாள். அந்த ஃபுளோரைடு எங்கிருந்து வருகிறது? பாறையிலிருந்து, அது நிலவியல். மாற்றாகக் காவிரி நீரைக் கொண்டுவரலாம் என்றால் தமிழகம், கர்நாடகம் என இரண்டு மாநிலங்களின் அரசியல் குறுக்கே நின்றது. ஜப்பான் கடனுதவியில் குழாய் போட்டார்களே, அது பொருளாதாரம். குழாய் வந்த பிறகும் ஒரு வீட்டில் போர்வெல் தண்ணீரையே குடித்தால், ஏன் என்று அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்க வேண்டும், அது சமூகவியல். ஒரு குடம் தண்ணீருக்குள் இத்தனை துறை. அந்த மாணவி பொருளாதார அறிமுகத் தாளை எடுத்திருந்தால், தன் ஆய்வகக் குடுவைக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது அவளுக்குப் பிடிபடும். அதனால் முதலில் மனதை அரிக்கும் ஒரு கேள்வியைப் பிடியுங்கள். தாளை அதற்கு ஏற்ப எடுங்கள்.

தமிழக அரசுப் பல்கலைக்கழகங்களின் இணைப்புக் கல்லூரிகளில் அமைப்பு வேறு. அங்கே பாடத்திட்டத்தின் நான்காம் பகுதியில் 'நான்-மேஜர் எலெக்டிவ்' (Non-Major Elective), அதாவது மேஜருக்கு வெளியே விரும்பி எடுக்கும் தாள், என்று வரும். பள்ளியில் தமிழ் படிக்காதவர்களுக்கு அந்த இடத்தில் தமிழ்த் தாள் இருக்கும்.

வேண்டிய தாள் கல்லூரியில் இல்லையென்றால் மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் தேடுங்கள். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை அங்கே படிக்க மானியக் குழுவின் 2021 ஒழுங்குமுறை அனுமதிக்கிறது. எந்தத் தாளுக்கு ஈடாக எடுத்துக்கொள்வார்கள் என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கள். முடித்த பிறகு கேட்டால் அலைய வேண்டியிருக்கும்.