ஃபிரிட்ஜ் நின்றதும் கேட்கும் சத்தம்

இரவு. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். திடீரென்று ஃபிரிட்ஜின் மோட்டார் 'டக்' என்று நிற்கிறது. இவ்வளவு நேரமாக அது உறுமிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் உறைக்கிறது. சத்தம் இருந்தவரை காதில் விழவில்லை, நின்றதும் விழுகிறது. காதில் பழுது ஒன்றும் இல்லை. மாறாமல் வந்துகொண்டே இருக்கும் எதையும் மூளை கணக்கிலிருந்து கழித்துவிடும்.

கண்ணும் இப்படித்தான். ஒரு புள்ளியை அசையாமல் உற்றுப் பார்த்தால், ஓரத்தில் தெரியும் மங்கலான நிறத்திட்டுகள் சில விநாடிகளில் கரைந்து காணாமல் போகும். கண்ணைக் கொஞ்சம் அசைத்தால் திரும்பி வரும். 1804-இலேயே இக்னாஸ் டிராக்ஸ்லர் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

சந்தோஷத்துக்கும் இதே கழித்தல் கணக்குதான். 'ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்' என்று சும்மா சொல்லிவைக்கவில்லை. நாள் எண்ணிக்கையை விட்டுவிடலாம். போகும் திசை சரி. உளவியலில் இதை இன்பத் தகவமைவு என்கிறார்கள். புது வீடு, புது வேலை, புது செருப்பு என எதுவானாலும் கொஞ்ச நாளில் ஃபிரிட்ஜ் சத்தமாகிவிடுகிறது.

இந்தக் கழித்தல் மூளைக்குள் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு நல்ல தடயம் குரங்குகளிடமிருந்து கிடைத்தது. நரம்பியலாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்ததும் அவை படபடவென்று துடித்தன. அப்புறம், சாறு வருவதற்கு முன் ஒரு விளக்கு எரியும்படி செய்தார்கள். குரங்கு இதைப் பழகிக்கொண்டதும் விளக்கு எரியும்போதே துடிப்பு வந்துவிட்டது. சாறு வந்தபோது துடிப்பில் மாற்றமே இல்லை! விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே விழுந்தது. 1997-இல் ஷுல்ட்ஸும் அவருடைய சகாக்களும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். இந்த அணுக்கள் அளப்பது பரிசை அல்ல. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. எதிர்பார்த்தது அப்படியே நடந்தால் விடை பூஜ்யம்.

டோபமைனை 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று எழுதுவதை இனியாவது விட்டுவிடலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் காட்டியது வேறு. டோபமைன் அநேகமாக முழுவதும் நீக்கப்பட்ட எலிகள் தாமாகப் போய்த் தீனி எடுக்கவில்லை. ஆனால் நாக்கில் இனிப்பை வைத்தால் எப்போதும்போல் சப்புக்கொட்டின. வேண்டும் என்று துரத்துவது ஒரு வேலை, வாய்க்கு வந்ததை ரசிப்பது இன்னொரு வேலை. மூளை இரண்டையும் தனித்தனியாகச் செய்கிறது. ரசிப்பைக் கூட்டும் பகுதிகள் ரொம்பச் சிறியவை. எலி மூளையில் அப்படி ஓர் இடம் சுமார் ஒரு கன மில்லிமீட்டர்தான். பெரிய சந்தோஷங்களைத் துரத்தி ஓடுபவருக்கு ரசிக்க நேரமில்லாமல் போவது ஏன் என்பதற்கு இதில் ஒரு குறிப்பு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1978-இல் பிலிப் பிரிக்மனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. லாட்டரியில் பெரும்பணம் வென்ற 22 பேரையும், வெல்லாத 22 பேரையும் ஒப்பிட்டார்கள். மகிழ்ச்சி மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் நண்பரோடு பேசுவது, நகைச்சுவை கேட்பது, காலைச் சாப்பாடு போன்ற அன்றாட விஷயங்களில் வென்றவர்களுக்குக் கிடைத்த இன்பம் குறைவாக இருந்தது. 22 பேரை வைத்துக்கொண்டு 'பணத்தால் பயனில்லை' என்று முழங்கக் கூடாது. ஸ்வீடனில் லாட்டரி வென்றவர்களை வைத்து வெகு பெரிய அளவில் நடந்த பிந்தைய ஆய்வில், வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டுகளுக்கும் மேலாக உயர்ந்தே இருந்தது. பழைய ஆய்வில் நான் எடுத்துக்கொள்வது, அன்றாட இன்பம் குறைந்தது என்ற அந்த இரண்டாவது விஷயத்தைத்தான். உச்சம் ஒன்றைத் தொட்டதும் அளவுகோலே நீண்டுவிடுகிறது. அதில் காலைச் சாப்பாடு எங்கோ கீழே போய்விடுகிறது.

சரி, மூளை கழித்ததைத் திரும்பக் கூட்ட முடியுமா?

ஓரளவு முடியும். ஒரு வழி, இடைவெளி. 2008-இல் லீஃப் நெல்சனும் டாம் மேவிஸும் ஒரு பரிசோதனை செய்தார்கள். சிலருக்கு 3 நிமிடம் தொடர்ந்து மசாஜ். மற்றவர்களுக்கு நடுவில் 20 விநாடி நிறுத்தம். எது நன்றாக இருக்கும் என்று கேட்டால், நிறுத்தம் எரிச்சல் தரும் என்றுதான் பெரும்பாலும் சொல்வோம். ஆனால் இடைவெளி விட்டுப் பெற்றவர்களே அதிகம் ரசித்தார்கள். நிறுத்தியபோது பழக்கம் கலைந்தது, மறுபடி தொடங்கியபோது முதல் தொடுகை திரும்பக் கிடைத்தது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பதற்கு ஆய்வகச் சான்று. இதற்கு மறுபக்கமும் உண்டு: எரிச்சலூட்டும் சத்தத்தை நடுவில் நிறுத்தித் தொடர்ந்தால் அது இன்னும் எரிச்சலூட்டும். பிடிக்காத வேலையை இடைவிடாமல் முடித்துவிடுவது நல்லது. நாம் செய்வது பெரும்பாலும் தலைகீழ்.

இன்னொரு வழி, கவனம். மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-இல் 2,250 பேரிடம், செல்போன் வழியாக, நாளின் எதிர்பாராத நேரங்களில் கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? 46.9 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைவாக இருந்தது. இனிமையான விஷயத்தை நோக்கி அலைந்தபோதும், கையில் இருக்கும் வேலையில் மனம் இருந்ததைவிடக் கூடுதல் மகிழ்ச்சி கிடைக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது கடற்கரையை நினைத்தாலும் லாபமில்லை. பாத்திரத்தையே பார்க்கலாம்.

மகிழ்ச்சி வேறு, வாழ்க்கைக்கு அர்த்தம் இருப்பதாகத் தோன்றுவது வேறு. இரண்டாவதற்கு மகத்தான லட்சியம் தேவை என்று நினைக்கிறோம். சமாந்தா ஹைன்ட்ஸெல்மனும் லாரா கிங்கும் செய்த சோதனை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். சிலருக்கு மரங்களின் படங்களைப் பருவங்கள் வரும் வரிசையில் காட்டினார்கள், மற்றவர்களுக்குத் தாறுமாறாக. வரிசையில் பார்த்தவர்கள், பிறகு தங்கள் வாழ்க்கையே கூடுதல் அர்த்தமுள்ளதாகச் சொன்னார்கள். உலகம் ஓர் ஒழுங்கில் போகிறது என்ற உணர்வே மனதுக்கு அர்த்தமாகப் படுகிறது. தினமும் ஒரே ஜன்னலில் பார்க்கும் ஒரே மரத்துக்கு இந்த வேலையைச் செய்ய எல்லாத் தகுதியும் உண்டு.

கடைசியாக, ஹார்வர்டில் டிங் ஜாங்கும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு. அப்போதைய சாதாரண விஷயங்களை, கேட்ட பாட்டு, பேசிய பேச்சு, எழுதிய ஒரு வரி என்று, மாணவர்கள் எழுதி வைத்தார்கள். பிறகு பார்க்க எவ்வளவு ஆவலாக இருப்பீர்கள் என்று கேட்டதற்குக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். சில மாதம் கழித்து ஆவல் அதைவிட அதிகமாக இருந்தது. விசேஷ நாளைவிடச் சாதாரண நாளின் விஷயத்தில்தான் இந்தத் தப்புக்கணக்கு பெரிது. சாதாரண நாள் மறந்தே போயிருக்கும் என்பதால் திரும்பக் கிடைக்கும்போது அது புதுசு. மூளைக்கு எதிர்பாராத பழச்சாறு.

படித்ததும் நானும் ஒரு நோட்டில் தினம் ஒரு வரி எழுதத் தொடங்கினேன். பத்து நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. போன வாரம் அந்த நோட்டு கையில் அகப்பட்டது. ஒரு பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'பல்பு மாற்றினேன். நாற்காலி ஆடியது. பையன் கீழே உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டான்.' நாற்காலியையா, என் காலையா என்று எழுதவில்லை. இரண்டையும்தான் என்கிறான் பையன்.